டர்பனில் ஒரு தெருவுக்கு ஏன் மூன்று பெயர்?

டர்பன் நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. கைப்பேசி வரைபடம் 'டாக்டர் யூசுஃப் தாதூ தெரு' என்று காட்டும். டாக்ஸி ஓட்டுநரிடம் அதைச் சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓ, கிரே ஸ்ட்ரீட்டா?" என்பார். அங்கே கடை வைத்திருந்த குடும்பத்துப் பெரியவரோ 'காஸ்பா' என்பார். மூவரும் சொல்வது ஒரே இடத்தை.

தென்னாப்பிரிக்காவில் பெயர்மாற்றம் அடிக்கடி செய்தியாகிறது. 2021இல் போர்ட் எலிசபெத் நகரம் கெபேர்ஹா ஆனது. (அந்தப் பெயரின் முதல் ஒலி நாக்கைச் சுண்டி எழுப்பும் கோசா மொழி ஒலி. அதைத் தமிழ் எழுத்தில் காட்ட வழியில்லை.) ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விவாதம் பழைய பெயரா, புதிய பெயரா என்ற இரண்டுக்குள்ளேயே சுற்றிவருகிறது. மூன்றாவது வகைப் பெயர்களை யாரும் பேசுவதில்லை. எந்தப் பலகையிலும் ஏறாமல், சனங்களின் வாயில் மட்டும் இருந்த பெயர்கள் அவை. டர்பன் தமிழர்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கிறது.

மூன்று வகைப் பெயர்கள்

1. ஆட்சிப் பெயர். அதிகாரத்தில் இருப்பவர் சூட்டுவது. 'டர்பன்' என்பதே அப்படி வந்ததுதான். கேப் குடியேற்றத்தின் ஆளுநர் பெஞ்சமின் டர்பனின் பெயரை 1835இல் இந்தத் துறைமுகத்துக்கு வைத்தார்கள். அதற்கு முன்பே 1497இல் கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கரையைக் கடந்த வாஸ்கோ ட காமா, கிறிஸ்து பிறப்பை நினைத்து 'நேட்டால்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்.

2. நிர்வாகப் பெயர். எண், எழுத்து, குறியீடு. யூனிட் 7, சாலை 701 என்பவை போல. கோப்புக்குள் வேலை நடக்க வைத்தது.

3. வழக்குப் பெயர். அங்கே வாழ்கிறவர்கள் கூப்பிடுவது. சூலு மக்கள் இந்த நகரத்தை 'எதெக்வினி' என்பார்கள். விரிகுடாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2000ஆம் ஆண்டில் மாநகராட்சியே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. வழக்குப் பெயர் ஆட்சிப் பெயராக உயர்வது அபூர்வம். இங்கே அது நடந்தது.

ஒரு பெயரைப் பார்த்ததும் கேட்கவேண்டிய கேள்விகளும் எளியவைதான். யார் வைத்தார்கள்? யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? எந்த ஆண்டுக்கு முன்னால் இந்தப் பெயர் வந்திருக்கவே முடியாது?

கடைசிக் கேள்விக்கு நல்ல உதாரணம், டர்பனில் இந்தியர்களுக்கென்று அமைத்த சாட்ஸ்வொர்த் குடியிருப்பில் இருக்கும் 'பங்களாதேஷ் மார்க்கெட்'. காய்கறி, துணிமணி, மசாலா எல்லாம் மலிவாகக் கிடைக்கும் சந்தை. பங்களாதேஷ் என்ற நாடு பிறந்தது 1971இல். அப்படியானால் இந்தப் பெயர் அதற்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆவணம் எதையும் புரட்டாமல், பெயரை மட்டும் வைத்தே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

எஸ்டேட், பேரக்ஸ், சர்தார்

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் போட்டு வந்த தொழிலாளர்கள். 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இவர்களைத் தவிர, சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி வந்த வணிகர்களும் இருந்தார்கள். குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம்களும் இந்துக்களும் அவர்களில் அதிகம். அவர்களை 'பாசெஞ்சர் இந்தியர்' என்பார்கள். நகரத்தின் பெயர்களைப் படிக்க இந்தப் பிரிவு நினைவில் இருக்க வேண்டும். வணிகர்கள் இருந்த தெருக்களுக்கு ஒரு வரலாறு, ஒப்பந்தக்காரர்களின் பிள்ளைகள் இருந்த குடியிருப்புகளுக்கு வேறு வரலாறு.

ஒப்பந்தம் முடிந்ததும் நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று மாநகராட்சி வேலை. தெருக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, சாக்கடை சுத்தம் செய்வது. அவர்களைக் குடிவைத்த இடம் 'மேகசின் பேரக்ஸ்'.

தமிழில் மேகசின் என்றால் நமக்குப் பத்திரிகை. இங்கே அது வெடிமருந்துக் கிடங்கு. பட்டாளத்தின் கிடங்கு பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர். பேரக்ஸ் என்றால் வரிசை வீடுகள், மலையகத் தமிழர் 'லயம்' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அது. ஆக, இரண்டு சொல்லும் பட்டாளத்துச் சொற்கள். குடும்பம் குடும்பமாகத் தமிழரும் தெலுங்கரும் தலைமுறைகளாக வாழ்ந்த இடத்துக்கு, மனிதர் வாழ்வதைக் காட்டும் ஒரு சொல்கூட அந்தப் பெயரில் இல்லை. இருந்தும் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தப் பெயரைத் தங்கள் ஊர்ப்பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். 1960களில் அவர்களை அங்கிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய பிறகும், "நாங்க மேகசின் பேரக்ஸ் ஆளுங்க" என்று சொல்வது நிற்கவில்லை.

அந்தக் குடியிருப்பு இருந்த சாலையின் பெயர் சோம்ட்சியு சாலை. சூலுப் பெயர்தானே, அப்போ ஆப்பிரிக்க வீரர் யாராவது இருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சோம்ட்சியு என்பது தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்குச் சூலு மக்கள் வைத்த பெயர். நேட்டாலில் ஆப்பிரிக்கர்களை நிர்வகிக்கும் துறைக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர். பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அது யாருடைய பெயர் என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் டர்பனில் இல்லை.

டர்பனின் கிளேர்வுட் பகுதியில் இன்னொரு சாலை, சர்தார் சாலை. சிவசுப்பிரமணியர் ஆலயம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்குப் பெயர்போன கோயில். கரும்புத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த கங்காணிக்கு நேட்டாலில் 'சர்தார்' என்று பெயர். எஸ்டேட் காலத்துப் பதவிப் பெயர் ஒன்று நகரத்துத் தெருவில் நிலைத்து நிற்கிறது. காவடி எடுத்து அந்தச் சாலையில் நடக்கிறவர்களில் பலருடைய கொள்ளுத்தாத்தா அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கியிருப்பார்.

காஸ்பாவும் சந்தையும்

கிரே ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட், பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட். அரசி, இளவரசர் என்று பிரிட்டிஷ் அரண்மனை வாசனை அடிக்கும் பெயர்கள். ஆனால் அந்தத் தெருக்களில் இருந்தது இந்தியர் கடைகளும், ஜும்மா மசூதியும், மசூதிக்கும் இம்மானுவேல் தேவாலயத்துக்கும் நடுவே ஓடும் மதரஸா ஆர்கேடும். இந்த முழு வட்டாரத்துக்கும் சனங்கள் சொன்ன ஒரே பெயர் காஸ்பா. அல்ஜியர்ஸ் போன்ற வட ஆப்பிரிக்க நகரங்களில், கோட்டை சூழ்ந்த பழைய நகரப் பகுதிக்குச் சொல்லும் அரபுச் சொல் அது. குறுக்குச் சந்துகள், மாடி வீடுகள், நெரிசல் எல்லாம் சேர்ந்த இடத்துக்குப் பொருத்தமான பெயர். வெள்ளையர் பகுதிகள் தங்களுக்குப் பூட்டப்பட்டிருந்த காலத்தில், 'இது எங்க இடம்' என்ற உரிமை அந்தப் பெயருக்குள் இருந்தது. இன்றும் அதைச் சொல்லும்போது பெரியவர்களின் குரலில் அந்த உரிமை தெரியும்.

சந்தையின் கதை கொஞ்சம் வேறு. மாநகராட்சி 1910இல் விக்டோரியா தெருவில் இந்தியச் சந்தையைத் திறந்தது. புறநகரில் காய்கறி பயிரிட்ட சிறு விவசாயிகள் அதற்கு வெளியே தெருவில் உட்கார்ந்து விற்றார்கள். அந்த விற்பனைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'ஸ்குவாட்டர்ஸ் மார்க்கெட்', அதாவது உரிமையில்லாமல் வந்து குந்தியவர்களின் சந்தை. நிலத்தைக் கொத்தி, கத்தரியும் மிளகாயும் விளைவித்து, விடியுமுன் கூடையோடு வந்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் இது. 1934இல் வாரிக் அவென்யூ பக்கம் அவர்களுக்கு இடம் கொடுத்தபோது அது 'எர்லி மார்னிங் மார்க்கெட்' ஆனது. உட்கார்ந்தவர்களைப் பழித்த பெயர் போய், அவர்கள் கண்விழிக்கும் நேரத்தைச் சொல்லும் பெயர் வந்தது. விக்டோரியா தெருச் சந்தை 1973இல் தீக்கிரையானது, பின்னால் திரும்பக் கட்டினார்கள். எர்லி மார்னிங் மார்க்கெட்டை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்ட 2009இல் திட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்து நின்று சந்தையைக் காப்பாற்றினார்கள்.

ஒரே மண்ணுக்கு இரண்டு பெயர்

கேட்டோ மேனர் என்ற பெயர் டர்பனின் முதல் மேயர் ஜார்ஜ் கேட்டோவிடமிருந்து வந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட நிலம். பின்னால் அது துண்டு துண்டாகி, ஒப்பந்தம் முடித்த இந்தியர்கள் அதில் தோட்டம் போட்டார்கள். அங்கே குடிசை போட்ட ஆப்பிரிக்கர்கள் அதே இடத்தை, அங்கு ஓடும் ஓடையின் பெயரால், 'உம்கும்பானே' என்றார்கள். நிலச் சொந்தக்காரர் பெயரை இந்தியர் சொன்னார்கள், ஓடையின் பெயரை ஆப்பிரிக்கர் சொன்னார்கள். வாடகைக்கு விட்டவர், குடியிருந்தவர் என்ற வேறுபாடும் பல இடங்களில் இந்தக் கோட்டிலேயே இருந்தது.

1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆப்பிரிக்கர்களே அதிகம். கேட்டோ மேனரில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்தியக் குடும்பங்களில் இதை ஒரு மாதிரியாகவும், ஆப்பிரிக்கக் குடும்பங்களில் வேறு மாதிரியாகவும் சொல்வார்கள். இடத்தின் பெயரைக் கேட்டாலே எந்தப் பக்கத்துக் கதை வரப்போகிறது என்று ஊகித்துவிடலாம்.

அப்புறம் வந்தது இரு தரப்பையும் துரத்திய சட்டம். 1950இல் நிறைவேறிய குழுப் பகுதிகள் சட்டம், ஒவ்வொரு இனத்தவரும் எங்கே வாழலாம் என்று நகரத்தைக் கோடு போட்டுப் பிரித்தது. கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று அறிவிக்கப்பட்டது. 1950களின் இறுதியிலிருந்து வீடுகளை இடித்து, ஆப்பிரிக்கர்களை க்வாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் அனுப்பினார்கள். நிலம் பல ஆண்டுகள் சும்மா புதர் மண்டிக் கிடந்தது.

வீடுகள் போனாலும் கோயில்கள் சில நின்றன. அவற்றில் முக்கியமானது அம்பலவாணர் ஆலயம். முதலில் உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த கோயில் 1905 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. தப்பித்த கதவுகளைக் கொண்டுவந்து, 1947இல் கேட்டோ மேனரில் எழுப்பிய கோயிலில் பொருத்தினார்கள். 1980இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த நீண்ட பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. 'செகண்ட் ரிவர் டெம்பிள்', அவ்வளவுதான். ஆற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழகியவர்களின் பெயர். அந்த ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களைச் சட்டம் எப்போதோ அனுப்பிவிட்டது. எண்ணிக்கை மட்டும் பெயரில் தங்கிவிட்டது.

டின் டவுன்

உம்கேனி ஆற்றின் கரையில், ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில், தகரத்தால் கட்டிய வீடுகள். அதனால் 'டின் டவுன்'. அதிகாரப்பூர்வ வரைபடத்தில் இது ஊரே இல்லை. அங்கே வாழ்ந்தவர்களுக்கோ இது முகவரி.

இந்த ஆறு இரண்டு முறை தமிழர் வரலாற்றுக்குள் புகுந்தது. 1917 அக்டோபரில் பெருவெள்ளம் வந்தபோது, மாரிமுத்து படவட்டன் தலைமையில் ஆறு வலைமீனவர்கள் படகில் போய் 170க்கும் அதிகமானவர்களைக் கரைசேர்த்தார்கள். 'படவட்டன் அறுவர்' என்று டர்பனில் இன்றும் சொல்வார்கள். அடுத்தது 1976. அந்த வெள்ளத்தோடு டின் டவுன் முடிந்தது. வீடிழந்தவர்களைப் புதிதாகத் திறந்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள்.

ஃபீனிக்ஸ் என்றதும் காந்தி 1904இல் தொடங்கிய ஆசிரமம் நினைவுக்கு வரும். குடியிருப்பின் பெயரும் அந்த வட்டாரப் பெயரேதான். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். ஸ்டான்மோர், ஈஸ்ட்பரி, ரெட்ஃபெர்ன், வெஸ்ட்ஹாம், லாங்க்ராஃப்ட். இங்கிலாந்து கிராமத்துப் பெயர்கள் போல வரிசையாக வரும். தகர வீட்டிலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்த ஒரு தமிழ்த் தாய்க்கு லாங்க்ராஃப்ட் என்ற சொல் என்ன பொருள் தந்திருக்கும்? பெயர் வைத்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

எண்களால் ஆன ஊர்

1964இல் திறக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் இது இன்னும் வெளிப்படை. இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகைக்கும் இதே பெயர். அந்தப் பெயரை வைத்திருந்த இந்த ஊரில் பகுதிகளுக்கு யூனிட் எண்களும், தெருக்களுக்கு வெறும் எண்களும் கொடுக்கப்பட்டன. ஏழாம் யூனிட்டின் தெரு எண்கள் ஏழில் தொடங்கும். ஹேவன்சைடு, பேவியூ, மாண்ட்ஃபோர்டு போன்ற பெயர்கள் இருந்தும், பேச்சில் யூனிட் எண்ணே முன்னால் நிற்கும்.

இதைவிட விசித்திரமானது 'பிளாக் ஏ.கே.' கிரேவில் பக்கம் இந்தியர்கள் வாழ்ந்த ஒரு பகுதிக்குத் திட்டக் கோப்பில் இருந்த குறியீடு அது. வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் பின்னாளில் நிலத்துக்கு இழப்பீடு கேட்டு மனுப் போட்டபோதும் அந்தக் குறியீட்டையே சொல்ல வேண்டியிருந்தது. வீட்டைப் பறித்த கோப்பின் எழுத்தே பிறந்த இடத்தின் பெயராகிவிட்டது.

எண் கொடுத்த ஊரிலும் சனங்கள் சும்மா இருக்கவில்லை. பங்களாதேஷ் மார்க்கெட் போன்ற பெயர்கள் அந்த எண்களுக்கு நடுவே முளைத்தவைதான். பேவியூவில் ஒரு சாலைக்கு இப்போது லென்னி நாயுடு சாலை என்று பெயர். நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆயுதப் போராட்டத்தில் சேர்ந்து 1988இல் கொல்லப்பட்ட இளைஞர் அவர்.

2008: பலகைகள் மாறின

2008 வாக்கில் டர்பன் மாநகராட்சி நகரத்தின் முக்கியமான சாலைகள் பலவற்றின் பெயரை மாற்றியது. நம் பேச்சுக்கு வேண்டிய சில:

1. கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆனது.
2. பைன் ஸ்ட்ரீட் மாண்டி நாயக்கர் சாலை ஆனது.
3. கமர்ஷியல் ரோடு டாக்டர் ஏ.பி. ஷூமா தெரு ஆனது.
4. பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் கூனம் தெரு ஆனது.
5. பாயிண்ட் ரோடு மகாத்மா காந்தி சாலை ஆனது.

முதல் மூவரும் மருத்துவர்கள். தாதூவும் நாயக்கரும் இந்தியர்களின் தலைவர்கள், ஷூமா ஆப்பிரிக்கர்களின் தலைவர். 1947 மார்ச்சில், இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து போராடுவது என்று மூவரும் கையெழுத்திட்டார்கள். அதற்கு 'மூன்று டாக்டர்கள் ஒப்பந்தம்' என்று பெயர். கையெழுத்து உலர்ந்து இரண்டு ஆண்டுக்குள் கலவரம் வந்தது. அந்த மூன்று பெயர்களையும் நகரத்தின் நடுவில் பக்கம் பக்கமாக வைத்தது நல்ல யோசனை. இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

குறையும் உண்டு. மேகசின் பேரக்ஸ், டின் டவுன், செகண்ட் ரிவர் என்று சனங்களே வைத்த, அல்லது தங்களுடையதாக்கிக்கொண்ட பெயர்களுக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. தலைவர்களுக்குப் பலகை கிடைத்தது. குப்பை அள்ளியவர்களும் காய்கறி விற்றவர்களும் தங்கள் வாயால் சூட்டிய பெயர்கள் பழையபடி வாயிலேயே நிற்கின்றன. அவற்றைச் சொல்பவர்களுக்கு வயதாகிவிட்டது. புதிய தெருப்பலகையின் கீழே சிறிய எழுத்தில் பழைய வழக்குப் பெயரையும் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? பெரிய செலவுகூட ஆகாது.

தமிழ் எங்கே?

டர்பன் வரைபடத்தில் நேரடியான தமிழ்ச் சொல் மிகக் குறைவு. கோயில் பெயர்களில் அம்பலவாணர், சுப்பிரமணியர், மாரியம்மன் என்று தமிழ் உயிரோடு இருக்கிறது. தெருக்களில் ஆட்களின் பெயராக மட்டும் வருகிறது, அதுவும் உருமாறி.

இதற்கு நல்ல சான்று டாக்டர் கூனம். தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவர். எடின்பரோவில் படித்துத் திரும்பி, 1946 சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். அவர் பெயர் குணரத்தினம். அது சுருங்கி 'குணம்' ஆக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'கு' நெடிலாகி, பலகையில் 'கூனம்' என்று நிற்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பலகைக்குக் கீழே ஒரு நிமிடம் நின்றால் உள்ளே இருக்கும் குணம் கண்ணுக்குத் தெரியும். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், முதலி 'மூட்லி' ஆனதும் இதே வழியில்தான். ஆங்கில எழுத்தில் பதிந்தது அப்படியே குடும்பப் பெயராகி நின்றது.

இன்னொரு சொல்லையும் சொல்லாமல் விட முடியாது. ஜோஹனஸ்பர்க்கில் இந்தியர் வாழ்ந்த பகுதிக்கு 'கூலி லொக்கேஷன்' என்று பெயர். பிளேக் நோய் வந்த 1904இல் அதைத் தீவைத்து அழித்தார்கள். நம் மொழியில் கூலி என்றால் உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. அங்கே அது உழைத்தவன் மேல் எறியும் வசை.

சிவப்புச் சதுக்கம்

கடைசியாக ஓர் இடம். பைன் தெருவுக்கும் கமர்ஷியல் சாலைக்கும் நடுவே நிக்கல் ஸ்கொயர் என்று ஒரு திறந்தவெளி இருந்தது. தொழிற்சங்கக் கூட்டங்களும் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் கூட்டங்களும் அங்கேதான் நடக்கும். அதனால் அதைச் சனங்கள் 'ரெட் ஸ்கொயர்' என்றார்கள். 1946இல் இந்தியர்கள் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதையும் அதன் சட்டப் பெயரால் யாரும் சொல்லவில்லை, 'கெட்டோ சட்டம்' என்றே சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூன் 13ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் ரெட் ஸ்கொயரில் கூடினார்கள். மாண்டி நாயக்கர் அன்று நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர். கூட்டம் முடிந்ததும் அங்கிருந்து நடந்து, உம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் மூலையில், இந்தியர் இருக்கக்கூடாது என்று சட்டம் சொன்ன வெற்று நிலத்தில் கூடாரம் அடித்தார்கள்.

இன்று ரெட் ஸ்கொயர் இருந்த இடத்தில் பல மாடிக் கார் நிறுத்தம் இருக்கிறது. பக்கத்துச் சாலையின் பலகையில் மாண்டி நாயக்கர் பெயர் இருக்கிறது. அவர் எழுந்து நின்று பேசிய இடத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் எந்தத் தெருப்பலகையிலும் இல்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கும் பெரியவர்களில் சிலர் மட்டும், பேரப்பிள்ளைகளிடம் தரையைக் காட்டி, "இதுதான் ரெட் ஸ்கொயர்" என்கிறார்கள்.